ஈரக் கயிற்றில் கட்டிய கார்

கயிறு கட்டுவதில் பங்காருவை அடித்துக்கொள்ளத் திருத்தணிப் பக்கத்தில் ஆளே கிடையாது. மற்ற எதிலும் அவனை யார் வேண்டுமானாலும் ஜெயித்துவிடலாம். பேச வராது. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்க வராது. கல்யாண வீட்டுக்குப் போனால் எந்தப் பந்தியில் உட்காருவது என்று புரியாமல் பந்தக்காலோடு பந்தக்காலாக நின்றுவிட்டு, சாப்பிடாமலே திரும்பி வருவான். ஆனால் இரண்டு ஆள் உயரத்துக்கு வைக்கோல் ஏற்றிய வண்டியை அவன் கையில் விட்டுப் பாருங்கள். பள்ளிப்பட்டு வரைக்கும் மேடு பள்ளமெல்லாம் குதித்துப் போனாலும் ஒரு தாள் கீழே உதிராது.

வித்தை ஒன்றும் பெரிதில்லை. காய்ந்த கயிற்றால் பாரத்தைச் சுற்றிக் கட்டுவான். கட்டுக்குள் ஒரு முழக் கழியைச் செருகித் திருகுவான். அதுதான் முறுக்குக் கழி. கயிறு விறைத்து நின்றதும் கழியின் நுனியை ஒரு சின்னக் கயிற்றால் பிணைத்துவிட்டு, சொம்புத் தண்ணீரை மேலே தெளிப்பான். காய்ந்த கயிறு நனைந்தால் இறுகும். நனைந்த கயிறு காய்ந்தால் தளரும். இது பாரம் கட்டுகிற எவனுக்கும் தெரியும். ஈரக் கயிற்றைக் கையால் தொடவும் மாட்டான் பங்காரு.

அப்பா அம்மா இரண்டு பேரும் காலரா வந்த வருஷம் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. அண்ணன் தம்பி இல்லை. பெண் கொடுக்க யாரும் வரவில்லை, இவனும் போய்க் கேட்கவில்லை. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் விறகு விற்கிற விறகுத் தொட்டி ஒன்று இருந்தது. அதன் பின்பக்கம் சாய்ப்பு இறக்கிய இடத்தில் படுக்கை. முப்பத்தைந்து வயது வரை இப்படியே ஓடிவிட்டது. காலையில் எழுந்தால் முதல் வார்த்தை பேசுவதற்கு ஆள் வேண்டாமா ஒரு மனிதனுக்கு? அவனுக்கு இல்லை.

சண்டைக் காலத்தில் அரக்கோணத்தில் விமானத் தளம் வந்தது. பாரம் ஏற்ற ஆள் வேண்டுமென்றார்கள். பங்காரு காலைப் பாசஞ்சரில் ஏறி அரக்கோணம் போய் வர ஆரம்பித்தான். அந்த ரயிலில்தான் வேதாசலம் அவனுக்குக் கிடைத்தான்.

வேதாசலம் நெசவுக்காரக் குடும்பம். தறியில் உட்கார முடியாமல் ஓடிப்போய் மோட்டார் ஓட்டக் கற்றுக்கொண்டவன். தளத்தில் ஹார்லி துரை என்கிற அதிகாரியின் சொந்தக் காருக்கு டிரைவர். அந்தக் கார் ஒரு பேபி ஆஸ்டின், பச்சை நிறம், நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவதாக ஒரு குடையைக்கூட வைக்க முடியாது. வேதாசலம் வாய் ஓயாதவன். வாய் ஓய்ந்தால் தூங்கிவிடுவான். ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் அவனுக்குக் கண் திறந்திருக்கும். மற்றபடி எதில் உட்கார வைத்தாலும் குறட்டைதான். திருத்தணியில் ஏறுவான், அரக்கோணத்தில் பங்காரு அவனை உலுக்கி இறக்குவான். அந்த உலுக்கலில்தான் இரண்டு பேருக்கும் சிநேகம் உண்டானது.

ஒரு ஆடி அமாவாசையன்று வேதாசலம் ஈர வேட்டியோடு ரயிலுக்கு ஓடி வந்தான்.

"இன்னாடா, மழையே இல்லியே?" என்றான் பங்காரு.

"எங்க நைனாவுக்கு எள்ளுந் தண்ணியும் எறைச்சுட்டு வரேன். வண்டி பூடும்னு அப்படியே ஓடியாந்துட்டேன்."

பங்காரு அவன் வேட்டி நுனியைப் பிழிந்துவிட்டான். பிறகு சொன்னான்: "குடுத்து வெச்சவருடா உங்க நைனா. நான் செத்தா எனக்கு எறைக்க யாரு கீறாங்க?"

"நான் கீறேன்டா. நான் எறைக்கிறேன். இப்ப ஆள வுடு, தூக்கம் வருது."

அவன் அதை விளையாட்டாகச் சொன்னானோ என்னவோ, பங்காரு விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு நாள் முழுவதும் பாரம் தூக்கியது அவனுக்குத் தெரியவில்லை.

சண்டை முடிந்தது. நாற்பத்தைந்தாம் வருஷம் ஆவணி, புரட்டாசியில் துரைமார்களை இங்கும் அங்குமாக மாற்ற ஆரம்பித்தார்கள். ராணுவ விமானம் என்றால் குண்டும் மருந்தும் ஏற்றுவதற்கு என்றுதானே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்? அதெல்லாம் சண்டை நடக்கும்போது. சண்டை முடிந்த பிறகு டக்கோட்டா விமானத்தில் துரைமார்களின் கார் ஏறியது. எழுத்தில் உத்தரவு உண்டோ இல்லையோ, கதவு அகலமாக இருந்தது, கார் சின்னதாக இருந்தது, கேட்பாரும் இல்லை. பெட்ரோலை வடித்துவிட்டு, பாட்டரியைக் கழற்றி, டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவார்கள். இரண்டு கனத்த பலகையைக் கதவில் சாய்த்து, பத்து ஆள் சேர்ந்து காரை மேலே தள்ளுவார்கள். அதற்குப் பிறகு பங்காருவின் வேலை. விமானத்தின் தரையில் இருக்கும் இரும்பு வளையங்களில் சக்கரத்துக்கு ஒரு கயிறாக நாலு கயிறு, நாலு முறுக்குக் கழி. வைக்கோல் வண்டிக்குக் கட்டுகிற அதே கட்டு. முதல் காரை அவன் கட்டியபோது வெள்ளைக்கார சார்ஜெண்டு அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். விமானம் ஆடியதே தவிர கார் ஆடவில்லை. அன்றிலிருந்து கார் என்றாலே "கயிறுக்காரன் எங்கே" என்று தேடுவார்கள். அந்தப் பெயரில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மூன்று கார் கட்டி அனுப்பினான். நாலாவது ஹார்லி துரையின் ஆஸ்டின். துரைக்குக் கொழும்புக்கு மாற்றல். துரை முன்னாடியே போய்விட்டார். காரோடு வேதாசலமும் வர வேண்டும் என்று உத்தரவு. வேதாசலத்துக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான். பெண்டாட்டி பத்மாவைத் திருத்தணியிலேயே அவள் அம்மா ஜெயம்மாளிடம் விட்டுவிட்டு, விமானத்தில் பறக்கப்போகும் சந்தோஷத்தில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். பங்காருவுக்குச் சோறு இறங்கவில்லை. ரயிலில் இனி யாரை உலுக்குவது?

ஐப்பசியில் ஒரு நாள் விமானம் கிளம்பியது. முதல் நாளெல்லாம் விடாத மழை. கயிறு வைத்திருந்த கொட்டகை ஒழுகி, கயிறு மொத்தமும் பிழியப் பிழிய நனைந்து கிடந்தது.

பங்காரு சார்ஜெண்டிடம் கயிற்றைத் தூக்கிக் காட்டினான். அதைப் பிழிந்து காட்டினான். வேண்டாம் என்று தலையாட்டினான். அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். சார்ஜெண்டு கடிகாரத்தைக் காட்டினான், வானத்தைக் காட்டினான், ஏதோ கத்தினான். அடுத்த மழைக்குள் விமானம் மேலே போயாக வேண்டும். ஈரமோ காய்ந்ததோ, கட்டு.

கட்டினான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஈரக் கயிற்றில் பாரம் கட்டினான். முடிந்த மட்டும் முறுக்கினான். கட்டி முடித்ததும், காருக்குப் பக்கத்தில் பலகை ஆசனத்தில் உட்கார்ந்திருந்த வேதாசலத்தின் தோளைப் பிடித்தான்.

"டேய், இங்க பாரு. விளையாட்டு இல்ல. கவுறு ஈரமா கீது. மேல போனா காஞ்சு தளந்துடும். ஒரு மணி நேரம் பொறுத்து நாலு கழியையும் அவுத்து, இன்னொரு சுத்து முறுக்கி உட்டுடு. தூங்கிடாத. கார் உருண்டுச்சுன்னா பின்பாரம் ஆயி பிளேன் கவுந்துடும்."

"ஆங், ஆங். முறுக்கறேன்."

"தூங்கிடாதடா."

"ஏன்டா, மொத மொதல்ல ஆகாசத்துல போறவன் எவனாவது தூங்குவானா? எறங்கு, உன்னையும் சேத்து தூக்கினு பூடப் போறாங்க" என்றான் வேதாசலம். சொல்லிவிட்டு ஒரு கொட்டாவி விட்டான்.

அந்தக் கொட்டாவியைப் பார்த்துக்கொண்டேதான் பங்காரு கீழே இறங்கினான். விமானம் ஓடி, எழும்பி, மேகத்துக்குள் போயிற்று.

மறுநாள் தளத்தில் பேச்சு கிளம்பியது. கொழும்பு போன விமானம் கொழும்புக்குப் போய்ச் சேரவில்லை. அதற்கடுத்த நாள் அரக்கோணம் ஸ்டேஷன் டீக்கடையில் அதுவே கடலில் விழுந்ததாக ஆகிவிட்டது. டீ ஆற்றுகிறவன் நேரில் பார்த்த மாதிரி சொன்னான். மூன்றாம் நாள் காலையில் பங்காரு வேலைக்குப் போனபோது, ராணுவ போலீஸ்காரர் இரண்டு பேர் ஒவ்வொருவராக நிறுத்தி, கயிறு கட்டுகிறவன் யார் என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

பங்காரு நிற்கவில்லை. வந்த வழியே நழுவி, தண்டவாளத்தை ஒட்டியே நடந்து, திருத்தணிக்கு இந்தப் பக்கம் நந்தியாற்றில் இறங்கினான். ஆற்றில் இடுப்பு வரைக்கும் வெள்ளம். தலையில் கட்டியிருந்த துண்டு எங்கே அவிழ்ந்து விழுந்தது என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஒரு கரும்புத் தோட்டத்துக் குடிசையில் ஒரு வாரம் பதுங்கிக் கிடந்தான். போலீசுக்குப் பயந்தா ஒளிந்தான்? அதுவும்தான். ஆனால் கண்ணை மூடினால் அந்தக் கொட்டாவி. வேதாசலம் வாய் திறந்து தூங்க, கயிறு காய்ந்துகொண்டே வர, கார் மெதுவாக ஒரு விரற்கடை நகர்கிறது. அதற்கு மேல் அவனால் நினைக்க முடியாது, எழுந்து உட்கார்ந்துவிடுவான். சிநேகிதனை என் கையாலேயே கட்டிக் கடலில் போட்டேன் என்று அவனுக்குள் முடிவாகிவிட்டது.

பத்தாம் நாள், என்ன ஆனாலும் பத்மாவிடம் போய்ச் சொல்லிவிடுவது என்று விடியற்காலையில் ஊருக்குள் வந்தான். சரவணப் பொய்கை வழியாக வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். படிக்கட்டில் பெண்கள் கூட்டம். நடுவில் ஈரச் சேலையோடு பத்மா. முழங்கால் வரை இருந்த கூந்தல் போய், தலை மொட்டையாக இருந்தது. ஜெயம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள்.

பத்தாம் நாள். விடியற்காலை. குளக்கரை. பெண்கள் கூட்டம். அவனுக்கு வேறு எந்தச் சாட்சியும் வேண்டியிருக்கவில்லை. திரும்பி ஓடினான்.

அடப் பாவி மனிதா, இன்னும் இரண்டு நிமிஷம் நின்றிருந்தால் அந்தத் தலையில் சந்தனம் பூசுவதைப் பார்த்திருப்பானே. திருத்தணியில் பிறந்து வளர்ந்தவன், மலைக்கு முடி கொடுக்கிற பெண்களை ஆயிரம் பேரைப் பார்த்தவன், அன்றைக்குப் பார்த்து அது ஞாபகம் வரவில்லை. விமானம் போய்ச் சேரவில்லை என்று கேள்விப்பட்ட அன்றே பத்மா வேண்டிக்கொண்டாள். ஐந்தாம் நாள் தந்தி வந்தது. என்ஜின் கோளாறில் திருச்சியில் இறங்கிய விமானம் இரண்டு நாள் அங்கேயே நின்று, பிறகு கொழும்பு போய்ச் சேர்ந்தது, எல்லாரும் சௌக்கியம் என்று. பத்தாம் நாள் நேர்த்திக்கடனைக் கழித்தாள். ஜெயம்மாள் அழுதது முடிக்காக. அந்த ராணுவ போலீஸ்காரர்கள் தேடியதும் பிடித்துக்கொண்டு போவதற்கு இல்லை. இன்னொரு துரையின் கார் கட்டாமல் கிடந்தது, அதற்கு ஆள் தேடினார்கள்.

பங்காருவுக்கு இதெல்லாம் யார் சொல்வது? அவன் பள்ளிப்பட்டுக்குப் போய்விட்டான். அங்கே எல்லப்பன் என்ற நூல் வியாபாரியிடம் வண்டிக்கு மூட்டை கட்டும் வேலை. ஊர்ப் பெயர் கேட்டால் வேறு ஊரைச் சொன்னான். பழையபடி பேச்சு நின்றுபோயிற்று. முன்பு பேச ஆள் இல்லாமல் பேசாமல் இருந்தான். இப்போது வாயைத் திறந்தால் அது வந்துவிடுமோ என்று பேசாமல் இருந்தான். அமாவாசை வரும்போதெல்லாம் ஆற்றங்கரைக்குப் போவான். மற்றவர்கள் எள்ளும் தண்ணீரும் இறைப்பதைத் தள்ளி நின்று பார்ப்பான். வேதாசலத்துக்கு ஒரு கை இறைக்கலாமென்று தோன்றும். கொன்றவன் கையால் இறைத்தால் அது அவனுக்குப் போய்ச் சேருமா என்று கையை உள்ளே இழுத்துக்கொள்வான்.

இப்படி ஒன்றே முக்கால் வருஷம். சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த ஆடி மாதத்தில் ஒரு நாள், மழையில் நனைந்த கயிற்றை எடுத்து வந்து போட்டு வண்டி கட்டச் சொன்னார் எல்லப்பன். பங்காரு மாட்டேன் என்றான்.

"நாழி ஆவுதுய்யா. கட்டு."

"ஈரக் கவுத்துல கட்ட மாட்டேங்க."

"ஏன், கட்டினா இன்னா ஆயிடும்?"

"ஒருத்தனக் கொன்னுட்டேங்க" என்றான் பங்காரு. முதல் தடவையாக அது வெளியே வந்துவிட்டது. வந்தது நிற்கவில்லை. கார், விமானம், கழி, கொட்டாவி, குளக்கரை எல்லாம் அங்கேயே மூட்டைகளுக்கு நடுவில் நின்று சொல்லி முடித்தான்.

எல்லப்பனுக்கு வண்டி போகவில்லையே என்ற எரிச்சல். "இத எங்கிட்ட சொல்லி இன்னாய்யா ஆவப் போவுது? அந்தப் பொண்ணுகிட்டல்ல போய்ச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டார்.

எரிச்சலில் சொன்னதுதான். ஆனால் பங்காரு மறுநாள் திருத்தணியில் இருந்தான்.

ஜெயம்மாள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே பெட்டியும் மூட்டையுமாகக் கட்டி வைத்திருந்தார்கள். காலடிச் சத்தம் கேட்டுப் பத்மா வாசலுக்கு வந்தாள். நெற்றியில் குங்குமம். கழுத்துவரை வளர்ந்திருந்த முடியில் நிற்காமல் சரிந்துகொண்டிருந்த கனகாம்பரம். அவன் அந்தப் பூவைப் பார்த்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், இரண்டடி பின்னால் போனாள், பிறகு குனிந்து அவன் காலைப் பார்த்தாள். பேய்க்குக் கால் தரையில் படாது என்று சொல்வார்களே, அப்படிப் பார்த்தாள். அவன் காலில் பள்ளிப்பட்டு ரோட்டுச் செம்மண் அப்பியிருந்தது.

"பங்காருண்ணா?" என்றாள் மெதுவாக.

அவன் வாசலிலேயே விழுந்தான். "ஈரக் கவுத்துல கட்டிட்டேம்மா. தெரிஞ்சே கட்டிட்டேன். உம் புருசன நான்தான் கடல்ல போட்டுட்டேன்."

"இன்னாண்ணா சொல்றீங்க? அவரு கொழும்புல கீறாரு. துரை சீமைக்குப் போனதும் அங்கயே ஒரு தேயிலைக் கம்பெனில டிரைவராச் சேந்துட்டாரு. என்னை வரச் சொல்லிட்டாரு, நாளைக்கு வண்டி ஏறப் போறேன். நீங்க மொதல்ல எந்திரிங்க."

அவன் எழுந்திருக்கவில்லை. அவள் சொன்னது காதில் ஏறவே வெகுநேரமாயிற்று. அவள் உள்ளே போய்க் கட்டி வைத்திருந்த ஒரு மூட்டையை அவிழ்த்துக் கடிதக் கட்டை எடுத்து வந்தாள். மூன்றாம் வகுப்பு வரை படித்தவள், விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். முதல் கடிதம்:

"பங்காருவிடம் உடனே சொல்லவும். அவன் சொன்னபடியே ஒரு மணி நேரத்தில் கயிறு தளர்ந்துவிட்டது. நாலு கழியையும் ஒவ்வொரு சுற்று முறுக்கினேன். மறுபடி தளருமோ என்று திருச்சி வரைக்கும் கழியை விட்டுக் கையை எடுக்கவில்லை. தூங்கவில்லை என்று சொல். சத்தியமாகத் தூங்கவில்லை என்று சொல்."

பங்காரு வாயில் துணியை வைத்து அடைத்துக்கொண்டான். பத்மா அடுத்ததைப் படித்தாள். இங்கே கார் கட்டத் தெரிந்த ஆள் ஒருவனும் இல்லை, பங்காருவைப் பற்றித் துரையிடம் சொல்லிவிட்டேன், வரச் சொல்கிறார், இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்துகொள்ளலாம், உடனே அவன் சம்மதத்தைக் கேட்டு எழுது. அதற்கடுத்த கடிதம், பங்காரு ஏன் பதில் போடவில்லை? அதற்கடுத்தது, பொங்கல் வரைக்கும் இடம் வைத்திருப்பதாகத் துரை சொல்கிறார். அதற்கடுத்தது, வேறு ஆள் போட்டுவிட்டார்கள், போகட்டும், ஆனால் அவன் எங்கே போனான் என்று மட்டும் விசாரித்து எழுது.

"உங்கள தேடாத எடமில்லண்ணா. விறகுத் தொட்டில கேட்டோம், அரக்கோணத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்டோம். கடைசில நந்தியாத்துல உங்க துண்டு கெடச்சுதுன்னு குடுத்தாங்க. வெள்ளத்துல பூட்டாருன்னு ஊரே சொல்லுச்சு. நானும் அப்படியே எழுதிட்டேன். அதுக்கப்புறம் அவரு உங்களப் பத்திக் கேக்கவேயில்ல. ஒரே ஒரு வாட்டிதான் எழுதினாரு."

அந்தக் கடிதத்தைக் கையில் எடுத்தாள். படிக்கத் தயங்கினாள்.

"படிம்மா."

"வேணாண்ணா. உயிரோட கீறவங்களுக்குப் படிக்கக் கூடாது."

"பரவால்ல. படி."

"தை அமாவாசைக்கு இங்கே கடற்கரைக்குப் போய் நைனாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். பங்காருவுக்கும் பெயர் சொல்லி மூன்று கை இறைத்தேன். அவனுக்கு என்னைத் தவிர யாரும் இல்லை. இனி வருஷா வருஷம் இறைப்பேன்."

பத்மா கடிதத்தை மடித்தாள். பங்காரு சுவரில் தலையைச் சாய்த்து அழுதான். வேதாசலம் செத்துப்போனதாக நினைத்த நாட்களில்கூட அவன் இப்படி அழுததில்லை. பயமும் குற்ற உணர்ச்சியும் அப்போது அழ விடவில்லை. அன்றைக்குக் குளக்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்நேரம் கொழும்பில் சிநேகிதனைத் தினமும் உலுக்கி எழுப்பிக்கொண்டிருப்பான். அந்தத் தெருவுக்கு வராமல் இருந்தே அந்த வாழ்க்கையைத் தொலைத்தான். இதை நினைத்தும் அழுதான். ஆனால் முக்கால்வாசி அழுகை அந்த மூன்று கைத் தண்ணீருக்குத்தான்.

மறுநாள் காலையில் அவள் பெட்டி மூட்டைகளை அவன்தான் கட்டினான். ஜெயம்மாள் கிணற்றடியிலிருந்து எடுத்துக் கொடுத்த கயிற்றைத் தள்ளிவிட்டு, காய்ந்த கயிறு தேடி எடுத்து, கழி செருகி முறுக்கி, தண்ணீர் தெளித்தான். ஸ்டேஷனில் ரயிலுக்குள் ஏற்றி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் வந்து நின்றான்.

"போனதும் மொத காரியமா அவருகிட்ட சொல்லிடறேன்ணா, நீங்க உயிரோட கீறீங்கன்னு" என்றாள் பத்மா.

"சொல்லும்மா."

"வேற எதுனா சொல்லணுமா?"

பங்காரு யோசித்தான். கார்டு பச்சைக் கொடியை எடுத்துவிட்டார். ரயில் அசைந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நாலடி கூடவே நடந்தான்.

"எனக்கு எறைச்ச தண்ணிய மட்டும் இல்லேன்னு ஆக்கிட வேணான்னு சொல்லும்மா. அது அப்படியே இருக்கட்டும். நான் போவும்போது எறைக்க இங்க யாரும் இல்ல."